காலுக்குள் சோடா

ஜூலை 7, ஞாயிறு

அப்பா எல்லோரிடமும் பழக ஆரம்பித்துவிட்டார். இதை உடனே எழுதி வைக்க வேண்டும். வாயால் சொன்னால் அருப்புக்கோட்டையில் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

மாலையில் என்னை நூலகத்துக்குக் கூட்டிப்போனார். முன்பெல்லாம் அவர் விறுவிறுவென்று போவார், நான் பின்னால் ஓடுவேன். இன்று தையல்கடை வாசலில் நின்று, மெஷினுக்கு எண்ணெய் போட்டாச்சா என்று தையல்காரரை விசாரித்தார். அடுத்து பூக்கடை. கனகாம்பரம் என்ன விலை என்று பூக்காரம்மாவிடம் கேட்டார். வாங்கவில்லை. அவர் அம்மாவுக்குப் பூ வாங்கி நான் பார்த்ததே கிடையாது. பிறகு, இதுதான் விசேஷம், தனுஷ்கோடி கடை வாசலிலேயே நின்றுவிட்டார்.

தனுஷ்கோடி பெரிய கம்பெனி குளிர்பானங்களுக்கு ஏஜென்ட். எங்களுடையது நாகஜோதி சோடா கம்பெனி. வீட்டுக்குப் பின்னாலேயே பன்னீர் சோடாவும் ஆரஞ்சுக் கலரும் போடுகிறோம். என் பெயரைக் கம்பெனிக்கு வைத்ததாக டீச்சர்கள் நினைக்கிறார்கள். கம்பெனி என்னைவிட மூத்தது. அதன் பெயரைத்தான் எனக்கு வைத்தார்கள். எங்கள் பாட்டிலில் எறும்பு மிதந்தது என்று தனுஷ்கோடி ஒரு கல்யாண வீட்டில் சொன்னதிலிருந்து இருவருக்கும் பேச்சு கிடையாது.

“வெயிலு,” என்றார் அப்பா.

“ஆமா, வெயிலு,” என்றார் தனுஷ்கோடி, திகைத்துப்போய்.

வானம் மூடிக்கிடந்தது. இருவரும் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அப்பா “சரி, வர்றேன்” என்று கிளம்பினார்.

அப்பாவின் மன்னிக்கும் குணத்தை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

ஜூலை 10, புதன்

அப்பாவின் இடது கால் பெருவிரலில் கட்டு. பாட்டில் மூடி கிழித்ததாம். அது கிழித்தது போன மாதம். இன்னும் ஆறவில்லை. விரல் நாவல்பழ நிறத்தில் இருக்கிறது. டாக்டரிடம் காட்டச் சொன்னாள் அம்மா. “சீசன் முடியட்டும்” என்றார். சோடா சீசன் மே மாதமே முடிந்துவிட்டது.

ஜூலை 16, செவ்வாய்

மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தோம். ஆங்கிலத்தில் எழுதியதைப் படிக்க ஆள் வேண்டும் என்று எனக்குப் பள்ளிக்கூடம் லீவு. நான் பதினொன்றாம் வகுப்பு உயிரியல் பிரிவு என்பதை அம்மா வாட்ச்மேனிடம்கூடச் சொன்னாள்.

டாக்டர் ஜுலேகா ரத்தக்குழாய்களைப் படம் பிடித்து, அடைப்பை எடுப்பவர். விரலைப் பார்த்துவிட்டு, “நடக்கும்போது கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குதா? கொஞ்சம் நின்னா சரியாயிடுதா?” என்று கேட்டார்.

அப்பா ஃபேனைப் பார்த்தார்.

“அப்ப பூக்காரிகிட்ட நின்னதெல்லாம் அதுக்குத்தானா?” என்றாள் அம்மா.

ஏழாம் தேதி எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

பல வருஷத்துச் சர்க்கரையும் சிகரெட்டும் சேர்ந்து காலுக்குப் போகும் குழாயை அடைத்துவிட்டன. அடைப்பு எங்கே என்று தெரிந்தால் பலூன் விட்டுத் திறக்கலாம். திறக்காவிட்டால் முதலில் விரல், அப்புறம் பாதம், அப்புறம் என்று சொல்லி டாக்டர் தன் பேனாவைத் தன் முழங்காலுக்குக் கீழே குறுக்காக வைத்துக் காட்டினார். அம்மா அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிக்கல் என்னவென்றால், ரத்தக்குழாய் எக்ஸ்ரேயில் தானாகத் தெரியாது. உள்ளே எதையாவது செலுத்தித்தான் தெரிய வைக்க வேண்டும். வழக்கமாகச் செலுத்துவது அயோடின் கலந்த மருந்து. படம் பளிச்சென்று விழும். ஆனால் அதைக் கழுவி வெளியேற்ற வேண்டியது கிட்னி. ரத்தப் பரிசோதனைப்படி அப்பாவின் கிட்னி ஏற்கெனவே பாதிக்கும் குறைவான வேலைதான் பார்க்கிறது. இதையும் தலையில் ஏற்றினால் மொத்தமாகப் படுத்துவிடலாம். குகை மாதிரியான மெஷினில் காடோலினியம் என்ற மருந்தை ஏற்றி எடுக்கும் படத்துக்கும் அதே தலைவலி.

“உங்களுக்கு கார்பன் டை ஆக்சைடு கேஸ்தான் நல்லது,” என்றார் டாக்டர். “ரத்தத்தைக் கொஞ்ச நேரம் ஒதுக்கிட்டு நிக்கும், அந்த நேரத்துல படம் எடுத்துடுவோம். அப்புறம் அதுவே கரைஞ்சு மூச்சுல வெளிய போயிடும். கிட்னிக்கு வேலையே இல்ல.”

“அது என்ன கேஸு?” என்றார் அப்பா.

“சோடாவுல இருக்குமே, அதேதான்!” என்றார் டாக்டர், நோயாளிக்குப் புரியும்படி சொல்லிவிட்ட சந்தோஷத்தில். அப்பாவின் தொழில் அவருக்குத் தெரியாது.

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

ஜூலை 17, புதன்

வீட்டில் இன்று முழுக்க ஒரே பேச்சு.

“இருவது வருசமா ஊரு வயித்துல நான் ஏத்துன கேஸ என் காலுல ஏத்துவாங்களாம்!”

“ஏப்பம் எங்கிட்டு வரும்ணே?” என்று கேட்டார் குருவையா சித்தப்பா. லோடு ஆட்டோவில் கிரேட் ஏற்றிக் கடைகளுக்குக் கொண்டுபோவது அவர் வேலை. அவர் கிண்டல் செய்யவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“கேஸு என்ன பண்ணும்னு எனக்குத் தெரியாதா? இந்தா பாரு.” அப்பா புருவத்துத் தழும்பைக் காட்டினார். வெடித்த பாட்டில் செய்த வேலை.

ஆனால் அவருக்குப் பயம் மட்டும் இல்லை, அவமானமும்தான். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் வந்தால் கலர் உடைத்துக் கொடுப்பதுதான் மரியாதை. சம்பந்தக்காரருக்கு வெறும் சோடாவை நீட்டினால் கல்யாணமே நின்றுவிடும். வெறும் சோடா வயிறு சரியில்லாதவனுக்கு.

“நெறமா அயோடின்னு ஒரு மருந்து இருக்கையில எனக்கு எதுக்கு வெறும் சோடா? நம்மளப் பாத்தா அவ்வளவு எளக்காரமா தெரியுதா?” என்றார் அப்பா.

“அதான! கலரையே ஊத்தச் சொல்லுவோம்ணே. இன்னும் வெலகூடுனது இருந்தா அதையும்,” என்றார் சித்தப்பா.

நான் மூன்றையும் ஒப்பிட்டு எழுதி வாசித்துக் காட்டினேன். அயோடின் மருந்து, சட்டை மடிப்புக் கலையாமல் வந்து, சாப்பிட்டுவிட்டு எச்சில் இலையைக் கிட்னியிடம் விட்டுப்போகும் விருந்தாளி. காடோலினியம் வேறு வாசல் வழியாக வரும், அதுவும் இலையை எடுக்காது. கேஸ் கொஞ்சம் மங்கலான ஆள்தான், முழங்காலுக்குக் கீழே அவ்வளவு தெளிவாகத் தெரியாதாம், ஆனால் போகும்போது தன் இலையைத் தானே எடுத்துக்கொண்டு போகும்.

“இப்ப விருந்தாளியப் பத்தி யாரு கேட்டா?” என்றார் அப்பா. ஆனால் கடைசிவரை கேட்டார்.

ஜூலை 20, சனி

அம்மாவிடம் சிலிண்டர் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, அப்பாவும் சித்தப்பாவும் என்னையும் கூட்டிக்கொண்டு பைபாஸ் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போனார்கள். அங்கே அந்த அயோடின் கலர் மருந்தை ஏற்றிப் படம் எடுத்துவிட்டு, அதை டாக்டர் ஜுலேகாவின் மேஜைமேல் வைப்பதுதான் திட்டம்.

கவுன்டரில் இருந்த அக்கா, “கிட்னி பிரச்சனை ஏதும் இருக்கா?” என்று கேட்டார்.

“எங்கண்ணன் இரும்பு,” என்றார் சித்தப்பா.

“இருக்கு,” என்றேன். “கிரியாட்டினின் ரெண்டு புள்ளி ஆறு.”

ரத்தத்தில் அது ஒன்றைச் சுற்றி இருந்தால்தான் கிட்னி நலம். அந்த அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அப்பா என்னைப் பார்த்த பார்வையை வர்ணிக்க எனக்குத் தமிழ் போதாது. திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் அவர் முன்னால் போய் நின்றுகொண்டே வந்தார். வலிக்கும் காலோடு.

ஜூலை 21, ஞாயிறு

அப்பா என்னிடம் பேசவில்லை. அம்மாவிடம், “அந்த டாக்டரம்மாவ சாப்பிட வரச் சொல்லு” என்றார். டாக்டரம்மா என்பது நான்தான்.

ஜூலை 23, செவ்வாய்

பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா தனியாகச் சோடா மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள். ஏன் என்றேன். “சும்மா, பழகிக்கிறேன்” என்றாள். கையில் சின்னதாக ஒரு வெட்டுக்காயம். சேலைத் தலைப்பைச் சுற்றியிருந்தாள்.

அப்பா பேசவில்லை.

ஜூலை 25, வியாழன்

நாவல்பழம் விரலின் அடிவரை வந்துவிட்டது. வாடையும் வருகிறது. காலையில் அறைக்குள் அம்மாவின் குரல் கேட்டது. நான் ஒட்டுக்கேட்கவில்லை. கதவுக்குப் பக்கத்தில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன்.

“ஒத்தக் காலோட வந்தீங்கன்னா மெஷின நான் ஓட்டிக்கிருவேன். கிட்னி போயி வாரத்துல மூணு நாளு ஆஸ்பத்திரியில படுத்தீங்கன்னா அதையும் பாத்துக்கிருவேன். ரெண்டும் சேந்து வந்துச்சு, எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன். சொல்லிட்டேன்.”

கதவு திறந்தது. பிறகு அப்பா, “குருவையா, வண்டிய எடு” என்றார்.

டாக்டர் ஜுலேகாவின் அறைக்குள் சித்தப்பா எங்கள் கம்பெனியின் சின்னக் கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டே நுழைந்தார். வாட்ச்மேன் பின்னால் ஓடி வந்தார்.

“ஏத்துறதுதான் ஏத்துறீக, எங்க சரக்கையே ஏத்துங்க டாக்டர். கலப்படம் இருக்காது,” என்றார் சித்தப்பா.

டாக்டர் சிரித்துவிட்டார். ஆஸ்பத்திரியில் மருத்துவத்துக்கென்றே சுத்தம் செய்த கேஸ் இருக்கிறது என்றார். அப்பா சிரிக்கவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வேலைக்கு ஆள் எடுப்பவர் மாதிரிக் கேள்வி கேட்டார்.

“கேஸ் ஏத்துற குழாயில ஏற்கெனவே காத்து இருக்குமே. அத என்ன பண்ணுவீங்க?”

“கேஸையே விட்டு அந்தக் காத்தை வெளிய தள்ளுவேன். ஒரு தடவை இல்ல, மூணு தடவை. காத்து ரத்தத்துல கேஸ் மாதிரி சட்டுனு கரையாது, அதனால ஒரு துளி காத்துகூட உள்ள போக விடமாட்டேன்.”

“சிலிண்டர்ல இருந்து நேராவா?”

“சேச்சே. சிலிண்டருக்கும் உங்களுக்கும் நேரடிச் சம்பந்தமே கிடையாது. தனியா ஒரு பையில பிடிச்சு, அதுல இருந்து அளந்து, மெதுவா.”

அப்பா தாடையைத் தடவினார். “தேதி குடுங்க,” என்றார்.

வெளியே வந்ததும் சித்தப்பாவிடம், “தொழில் தெரிஞ்ச பொம்பளடா” என்றார். சித்தப்பா சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தார். என்னிடம் அப்பா பேசவில்லை.

ஜூலை 30, செவ்வாய்

இன்றுதான் அந்த நாள் என்று இருந்தது.

விடிந்ததிலிருந்து வெறும் வயிறு. கேஸ் ஏற்றும் குழாயை எந்த இடம் வழியாக நுழைப்பார்களோ அந்த இடத்தில் சவரம் செய்துவிட்டார்கள். எந்த இடம் என்று உயிரியல் மாணவியான நானே எழுதப்போவதில்லை. “ஒன் கல்யாணத்தப்பகூட நீ இவ்வளவு சுத்தமா இல்லண்ணே” என்றார் சித்தப்பா. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிப்புதான்.

அம்மா பணம் கட்டக் கீழே போனபோது அப்பா என்னைப் பார்த்தார்.

“பாப்பா. வாசல்ல நில்லு. நர்ஸ் வந்தா இருமு.”

அன்று ஸ்கேன் சென்டரிலிருந்து பஸ்ஸில் ஏறியதிலிருந்து இதுதான் என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு. சித்தப்பா பையிலிருந்து பன்னீர் சோடாவை எடுத்து உடைத்தார்.

“ஒண்ணும் சாப்பிடக் கூடாதுன்னாங்கப்பா.”

“சோடா சாப்பாடா? உள்ள போகப்போறதே அதுதான. முன்கூட்டியே ஒடம்புக்கு அறிமுகப்படுத்தி வைக்கிறேன். திடீர்னு போயி நின்னா காலு யாரு நீன்னு கேக்காது?”

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் வாசலில் நின்றேன். நர்ஸ் வரவில்லை. அப்பா ஒரு பாட்டிலை முடித்து, இன்னொன்றையும் முடித்தார்.

படம் எடுக்கும் அறைக்குத் தள்ளிக்கொண்டு போன வேகத்திலேயே அவரைத் திருப்பித் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். மேஜையில் படுக்கவைத்ததும் அப்பா ஒரு ஏப்பம் விட்டாராம். அந்த அறை முழுக்க ரோஜாப்பூ வாசம். வயிற்றுக்கு நேராகப் படம் எடுத்துப் பார்த்தால் குடலெல்லாம் குமிழி. அந்தக் கேஸ் போய் இந்தக் கேஸின் படத்தை மறைக்கிறது. போதாததற்கு வாந்தி வந்து மூச்சில் ஏறினால் உயிருக்கே ஆபத்து.

“யார் இவருக்கு சோடா குடுத்தது?” டாக்டருக்கு இவ்வளவு கோபம் வரும் என்று நான் நினைக்கவில்லை.

சித்தப்பா தரையில் எதையோ தேடினார். “நானேதான் குடிச்சேன்,” என்றார் அப்பா.

வியாழனுக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

ஜூலை 31, புதன்

பெருவிரல் முழுவதும் கறுப்பு. அடுத்த விரலின் ஓரத்திலும் ஒரு புள்ளி. புத்தகம் கொண்டுவந்தேன், படிக்க முடியவில்லை. வார்டில் வெளிச்சம் சரியில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

முடிந்தது.

அப்பா மேஜையில் முழு நினைவோடு இருந்தார். உள்ளே நடந்ததை அவர் சொல்லித்தான் எழுதுகிறேன். கேஸ் மேலே ஏறும் குணமுள்ளது என்பதால் கால் பக்கத்தை உயர்த்தி, தலையைத் தாழ்த்திவிட்டார்கள். கேஸ் உள்ளே போனபோது காலுக்குள் சுருசுருவென்று ஏறி, கெண்டைக்கால் முறுக்கியதாம்.

“நல்ல சரக்குத்தான். சுள்ளுன்னு இருந்துச்சு,” என்றார்.

தொடையில் இருந்த அடைப்பு கேஸிலேயே தெரிந்துவிட்டது. பலூனை ஊதித் திறந்தார்கள். முழங்காலுக்குக் கீழேதான் படம் கலைந்து கலைந்து வந்திருக்கிறது. மூன்று குழாயில் எது திறந்திருக்கிறது என்று தெரியவில்லை. டாக்டர் அப்பாவின் முகத்துக்குப் பக்கத்தில் வந்து, “அயோடின் மருந்து ரொம்பக் கொஞ்சம், ரெண்டு ஸ்பூன்கூட வராது. கீழ்க்காலுக்கு மட்டும் விட்டுப் பாக்கட்டுமா? கிட்னிக்குக் கொஞ்சம் ஆபத்து இருக்கத்தான் செய்யுது. இல்லன்னா பாதத்துக்கு வழி தேட முடியாது,” என்று கேட்டார்.

“அப்ப நான் என்ன சொல்லணும்?” என்றாராம் அப்பா.

“ஆமான்னோ வேணாம்னோ சொல்லணும்.”

அப்பா கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்திருக்கிறார். என்ன யோசித்தீர்கள் என்று கேட்டேன். “ஒன் விருந்தாளியத்தான்” என்றார். “ரெண்டு ஸ்பூனுக்கு எவ்வளவு எச்சி எல விழுந்துறப் போகுதுன்னு பாத்தேன்.”

ஊற்றச் சொல்லிவிட்டார்.

பிறகு டாக்டர் என்னைக் கூப்பிட்டுப் படங்களைக் காட்டினார். கேஸில் எடுத்த படத்தில் தொடைக்குழாய் பென்சிலால் தேய்த்து அழித்த கோடு மாதிரி இருந்தது. அயோடினில் எடுத்த கீழ்க்கால் மைக்கோடு மாதிரி இருந்தது. மூன்றில் ஒரு குழாய் மெலிந்து நெளிந்து பாதம்வரை போயிருந்தது. அதையும் பலூனால் கொஞ்சம் அகலப்படுத்தியிருந்தார்கள். எது சிறந்தது என்று நான் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்ததை அவரிடம் காட்டவில்லை.

“கிட்னி தாங்குச்சான்னு ரெண்டு மூணு நாள்ல தெரியும்,” என்றார்.

ஆகஸ்ட் 3, சனி

விரலை எடுத்துவிட்டார்கள். பெருவிரல் மட்டும். அடுத்த விரலின் புள்ளி மங்கிவிட்டது.

சித்தப்பாவுக்குத்தான் தாங்கவில்லை. “நம்ம வழக்கத்துல ஒடம்புல எதையும் குப்பையில போடக் கூடாதுண்ணே. எங்கிட்ட குடுக்கச் சொல்லு, ஊருல கொண்டுபோயி அடக்கம் பண்ணிருவோம்.” ஆஸ்பத்திரியில் அதற்கென்று மஞ்சள் பை இருக்கிறது, அதில்தான் போகும் என்று நர்ஸ் சொல்லிவிட்டார்.

“அப்ப தீட்டு எத்தன நாளு?” என்று சித்தப்பா அம்மாவிடம் கேட்டார்.

“அளவு பாத்து அர மணி நேரம் வச்சுக்கங்க,” என்றாள் அம்மா.

“நான் மொட்ட போடணுமாண்ணே?”

“வெரலுக்குத் தகுந்தாப்புல ஒத்த முடியப் புடுங்கிக்க,” என்றார் அப்பா. சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே போர்வையை முகத்துக்கு மேலே இழுத்துக்கொண்டார். போர்வையை எடுக்க நேரமாயிற்று. நாங்கள் மூவரும் வேறு வேறு பக்கம் பார்த்தோம்.

சித்தப்பா ஆஸ்பத்திரிக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஒரு ஆரஞ்சுக் கலரை உடைத்து மண்ணில் ஊற்றினார். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். மேலே வந்ததும் ஏன் என்று கேட்டேன்.

“பின்ன, வெறும் சோடாவையா ஊத்துறது? அது பெருவெரலு பாப்பா.”

ஆகஸ்ட் 5, திங்கள்

கிரியாட்டினின் இரண்டு புள்ளி ஏழு. அதாவது கிட்னி முணுமுணுத்தது, ஆனால் படுக்கவில்லை. அம்மா அந்தத் தாளை என்னிடமிருந்து வாங்கித் தானும் படித்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது.

டாக்டர் ஜுலேகா கட்டைப் பிரித்துப் பார்க்க வந்தார். அப்பா தன் பாதத்தைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டார். விரலை எடுத்ததிலிருந்து அவர் அதைப் பார்க்கவே இல்லை.

“செவ்வாய்க்கிழமையே செஞ்சிருந்தா விரல் தப்பிச்சிருக்குமா டாக்டர்?” என்று கேட்டேன். பொதுவான அறிவியல் ஆர்வத்தில்தான் கேட்டேன்.

“அந்த விரல் நீங்க முதல் தடவை இங்க வர்றதுக்கு முன்னாடியே செத்துப்போச்சும்மா. அந்த ரெண்டு நாள்ல ஒண்ணும் மாறல.” அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “கை கழுவிட்டு இங்க வா.”

என் இரண்டு விரல்களைப் பிடித்து அப்பாவின் பாதத்தின் மேல்பக்கம், கட்டு இல்லாத இடத்தில் வைத்தார். ரத்தம் பாதத்துக்கு வருகிறதா என்பதை அங்கே தொட்டே சொல்லிவிடலாமாம். நான் அழுத்தினேன். ஒன்றும் இல்லை.

“அழுத்தாத. அமுக்கினா தெரியாது. சும்மா தொட்டுக்கிட்டு இரு.”

“என்ன பாப்பா, சத்தம் வருதா?” என்றார் அப்பா, சுவரைப் பார்த்துக்கொண்டே.

“பேசாதீங்கப்பா.”

கால் கதகதப்பாக இருந்தது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு விரல் நுனிக்கு அடியில் ஏதோ தட்டியது. மறுபடியும் தட்டியது. சில சமயம் நாம் உணர்வது நம் விரலின் துடிப்பாகவே இருக்கும் என்று படித்திருக்கிறேன். அதனால் இன்னொரு கையை என் கழுத்தில் வைத்துச் சரிபார்த்தேன். என்னுடையது தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்தது. கீழே இருந்தது மெலிசாக, நிதானமாக, தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

“உங்களுதுதான்ப்பா,” என்றேன்.

“பின்ன வேற யாருது?” அப்பா சுவரிலிருந்து திரும்பினார். முதலில் என் கையைப் பார்த்தார். பிறகு பாதத்தை, நாலு விரலையும் அந்தக் காலி இடத்தையும், பார்த்தார்.

“கைய எடு பாப்பா. கூசுது.”

நான் எடுக்கவில்லை.